உடன்வரும் நாயும் விட்டுச்செல்லும் மனிதரும்: தமிழ்ப் பயண இலக்கியம் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் நன்கறிந்த கட்டுரைத் தலைப்புகள் இரண்டு உள. ஒன்று 'என் செல்லப்பிராணி'. மற்றொன்று 'விடுமுறையில் நான் மேற்கொண்ட பயணம்'. 2021ஆம் ஆண்டில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்ட பின்னரும் இவ்விரு தலைப்புகளும் வகுப்பறையை விட்டு அகலவில்லை. முதல் கட்டுரையில் நாய் நன்றியுள்ள பிராணியாக வாலை ஆட்டும், வீட்டைக் காக்கும், எஞ்சிய சோற்றை உண்ணும். இரண்டாம் கட்டுரையில் குடும்பத்தார் அனைவரும் மகிழுந்தில் ஏறிக் கேமரன் மலைக்கோ போர்ட்டிக்சன் கடற்கரைக்கோ செல்வர். அங்கு நாய் இராது. முதல் கட்டுரையில் 'குடும்பத்தில் ஒருவன்' என்று போற்றப்பட்ட உயிர், இரண்டாம் கட்டுரையில் குடும்பம் புறப்படும்போது எங்கிருந்தது என்று நாம் கேட்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் மெர்லிமாவ் வட்டாரத்தில் நடைபெற்ற ஒரு பயிலரங்கின்போது மாணவர் கட்டுரை ஏடுகளைப் பார்வையிடும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. பயணக் கட்டுரை எழுதிய மாணவன் ஒருவன் முதல் பத்தியிலேயே தன் நாயைப் பற்றித் தொடங்கியிருந்தான். மகிழுந்து வாயிற்கதவைக் கடந்தபோது நாய் சங்கிலியை இழுத்துக்கொண்டு குரைத்தது. பக்கத்து வீட்டு அத்தை சோறு வைப்பதாகச் சொன்னார். மூன்று நாளும் தான் அதையே நினைத்துக்கொண்டிருந்தான். மலையைப் பற்றி இரண்டே வரி; தேயிலையைப் பற்றி ஒரு வரி. கட்டுரையின் அடியில் ஆசிரியர் சிவப்பு மையால் 'தலைப்பை விட்டு விலகிவிட்டாய்' என்று குறித்திருந்தார்.

அம்மாணவன் உண்மையிலேயே தலைப்பை விட்டு விலகினானா என்னும் வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். தமிழ் இலக்கியத்தில் நாயை நன்றிக்கும் இழிவுக்கும் குறியீடாகக் கொண்டு படிக்கும் வழக்கம் நம்மிடையே ஊன்றியுள்ளது. அவ்வழக்கத்தைச் சற்றே விலக்கி, பயணம் என்னும் நிகழ்ச்சியோடு நாயை இணைத்துப் படித்தால் புலப்படுவது யாது என்பதை இங்கு ஆராய முற்படுகிறோம்.

ஆற்றுப்படையில் நாய்

தமிழில் பயணத்தையே பொருளாகக் கொண்டு எழுந்த முதல் இலக்கிய வகை ஆற்றுப்படை. வறுமையுற்ற கலைஞனுக்கு, பரிசில் பெற்றுவந்த கலைஞன் வழிகாட்டுவது அதன் அமைப்பு. நிலங்கள், ஊர்கள், உணவுகள், விருந்தோம்பும் மக்கள் எனப் பயணியின் கண்ணில் படுவன யாவும் அதில் இடம்பெறும். அவற்றுள் நாயும் ஒன்று.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் நாய் இருவேறு இடங்களில் எல்லை காட்டுகிறது. எயினர் வாழும் காவல் மிக்க குடியிருப்பில் அது சங்கிலியால் பிணிக்கப்பட்டு, புதியவர் எளிதில் நெருங்காதவாறு நிற்கிறது. அந்தணர் மனையைப் பாடும் பகுதியிலோ, கோழியும் நாயும் அணுகாமை அம்மனையின் இயல்பாகக் கூறப்படுகிறது. ஓரிடத்தில் நாய் இருப்பதால் பயணி தயங்குகிறான். மற்றோரிடத்தில் நாய் இல்லாமையால் அவ்விடத்தின் தன்மையை அறிகிறான். இரண்டிலும் நாய் வாயிலைச் சார்ந்த உயிர். வழியைச் சார்ந்த உயிர் அன்று.

அகப்பாடல்களிலும் நிலைமை இதுவே. பரணர் பாடிய அகநானூற்று 122ஆம் பாடல், இரவில் தலைவியைக் காணவரும் தலைவனுக்குத் தடையாவோரை ஒவ்வொருவராக அடுக்குகிறது. ஊர், தாய், காவலர், நிலவு, கூகை, கோழி ஆகியவற்றோடு நாயும் அவ்வரிசையில் உண்டு. ஊரெல்லாம் உறங்கினும் உறங்காத காவலாக அது நிற்கிறது. ஏழாம் நூற்றாண்டில், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த எடுத்தனூர் நடுகல், வீரனோடு நின்று கள்வரை எதிர்த்த கோவிவன் என்னும் நாயைப் பெயர் சொல்லிப் போற்றுகிறது. திருவண்ணாமலை வட்டாரத்து அக்கல்லிலும் நாய்க்குப் பெருமை சேர்ப்பது காவலே.

இவற்றிலிருந்து வேறுபட்டு நிற்பது சிறுபாணாற்றுப்படையில் வரும் நாய். நல்லூர் நத்தத்தனார் ஓய்மான் நாட்டு நல்லியக்கோடனைப் பாடிய அந்நூலில், பாணனின் பழைய வறுமையைக் காட்டும் பகுதி தமிழாசிரியர் எல்லாருக்கும் மனப்பாடம். கூரை சரிந்து, காளான் பூத்த அடுக்களையில் அண்மையில் ஈன்ற நாய் கிடக்கிறது. இன்னும் கண் திறவாத குருளை பாலற்ற முலையைக் கவ்வி இழுக்க, வலி பொறாமல் தாய்நாய் குரைக்கிறது. அந்த அடுக்களையில்தான் பாணன் மனைவி வேளைக்கீரையை உப்பின்றி வேகவைத்து, பிறர் காண நாணிக் கதவடைத்துச் சுற்றத்தோடு உண்கிறாள். நாயின் இளமையைக் குறிக்கும் 'குருளை' என்னும் மரபுச்சொல்லைத் தொல்காப்பிய மரபியலும் நமக்குக் காட்டும்.

இந்நாயை வறுமையின் குறியீடு என்று கூறி நாம் கடந்துவிடுகிறோம். வகுப்பில் அவ்வாறே கற்பிக்கிறோம். தேர்விலும் அவ்வாறே விடை எதிர்பார்க்கிறோம். அது பிழையன்று, ஆயின் போதியதும் அன்று. ஏனெனில் அந்த அடுக்களையே அப்பயணத்தின் தொடக்கப்புள்ளி. பசி தாங்காத சுற்றம் அங்கிருந்தே புறப்படுகிறது. திரும்பும்போது யானையும் தேரும் பரிசிலாக வருகின்றன. குரைத்துக்கொண்டிருந்த தாய்நாயும் கண் திறவாத குருளையும் என்னவாயின என்பது பற்றி நூல் ஒன்றும் கூறவில்லை. கூற வேண்டிய கடப்பாடும் ஆற்றுப்படைக்கு இல்லை. ஆனால் அந்த மௌனத்தைக் கவனிக்கும் கடப்பாடு திறனாய்வாளனுக்கு உண்டு. தமிழ்ப் பயண இலக்கியத்தின் தொடக்கத்திலேயே, புறப்பட்டவர்களின் பின்னால் ஒரு நாய் நின்றுவிடுகிறது.

நன்றி என்னும் ஒருவழிப் பாதை

நாலடியார் நாயைப் பற்றி இருவகையாகப் பேசுகிறது. பொற்கலத்தில் உணவிட்டாலும் எச்சிலையே நாடும் என்பது ஒன்று. அறிந்தறிந்தும் பாகனையே கொல்லும் யானையைவிட, எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கவும் வாலைக் குழைக்கும் நாயைப் போன்றாரின் நட்பே கொள்ளத்தக்கது என்பது மற்றொன்று. நாயின் நன்றிக்குச் சான்றாக இரண்டாவதையே நாம் பெரிதும் எடுத்தாள்கிறோம்.

அவ்வெண்பாவை மீண்டும் நோக்குமிடத்து ஒன்று புலப்படும். வேல் தானாக வந்து தைக்கவில்லை; எறிந்த கை ஒன்று உண்டு. நாய் வாலாட்டியது பாராட்டப்படுகிறது. வேல் எறிந்தவன் என்ன செய்தான் என்னும் வினா எழவில்லை. நன்றி என்னும் பண்பை நாயிடம் மட்டுமே எதிர்பார்த்து, மனிதனின் கடனை விட்டுவிடும் போக்கு நம் பாடநூல்கள் வரை நீள்கிறது. 'நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை' என்னும் பழமொழியோ நாயின் நடமாட்டத்தையே நகைக்கிறது. அது யாரைத் தேடி அலைகிறது என்று கேட்பார் இல்லை.

பக்தி இலக்கியம் இச்சொல்லை வேறு தளத்திற்கு உயர்த்தியது. மாணிக்கவாசகர் திருவாசகத்தில் தம்மைப் பலகாலும் நாய் என்றே குறிப்பிடுவர். இதனைத் தாழ்மையின் வெளிப்பாடு என்று விளக்குதல் மரபு. எனினும் அவருடைய வரலாற்றோடு பொருத்திப் பார்த்தால் அச்சொல் மேலும் கனக்கிறது. திருப்பெருந்துறையில் ஆட்கொண்ட இறைவன், அடியார் பலரைத் தன்னோடு அழைத்துக்கொண்டு மறைய, வாதவூரர் மட்டும் பிரிந்து நின்றார் என்பது மரபுவழிச் செய்தி. பின்னிற்க நேர்ந்த அடியாரே நாயேன் என்று பாடுகிறார். ஆண்டவன் புறப்பட்டுப் போன பாதையைப் பார்த்து நிற்கும் நாயின் நிலை அது. தாழ்மை மட்டுமன்றிப் பிரிவும் அச்சொல்லில் உறைந்துள்ளது எனலாம்.

கம்பரின் குகனும் இவ்வாறே. இராமனை விட்டு நீங்க மனமில்லாத அவ்வேடன், தன் கடமையில் தவறினால் உலகம் தன்னை நாய் என்று பழிக்காதோ என்று எண்ணுகிறான். உடன்வரத் துடிக்கும் அவனை இராமன் தம்பியாக ஏற்றுக்கொள்கிறான். ஆனால் அவன் மக்களைக் காக்குமாறு கூறி அவனைக் கங்கைக் கரையிலேயே நிறுத்திவிடுகிறான். ஐவரானோம் என்னும் பெரும்பேறு கிட்டியது. உடன்செல்லும் பேறு கிட்டவில்லை.

தமிழ்ப் பாரதத்தில் விடுபட்ட நாய்

நாயோடு மேற்கொண்ட பயணத்தை இந்திய இலக்கியத்தில் முதன்மையாகக் காட்டுவது வியாச பாரதத்தின் மகாபிரஸ்தானிக பருவம். நாட்டைத் துறந்து மரவுரி உடுத்துப் பாண்டவர் ஐவரும் திரௌபதியும் இறுதிப் பயணம் புறப்படுகின்றனர். வழியனுப்ப வந்த நகரத்தார் திரும்பிவிடுகின்றனர். ஒரு நாய் மட்டும் திரும்பவில்லை. மலைவழியில் திரௌபதி, சகாதேவன், நகுலன், அருச்சுனன், வீமன் என ஒவ்வொருவராக வீழ்கின்றனர். தருமன் திரும்பிப் பாராமல் நடக்கிறான். இறுதியில் இந்திரன் தேரோடு வந்து, நாய்க்கு விண்ணுலகில் இடமில்லை, அதை விட்டுவிட்டு ஏறுக என்கிறான். தன்னை நம்பி வந்ததைக் கைவிட மாட்டேன் என்று தருமன் மறுக்கிறான்.

இந்திரன் கேட்கும் வினா கூரியது. உடன்பிறந்தாரையும் மனைவியையும் விட்டு வந்தவன் ஒரு நாயை விட ஏன் தயங்க வேண்டும்? தருமன் தரும் விடையும் அதற்கு ஈடானது. அவர்கள் இறந்தபின் பிரிந்தது வேறு. உயிரோடு உடன்வருவதைக் கைவிடுவது வேறு. அவன் பேசுவது நாயின் நன்றியைப் பற்றியன்று, தன் கடனைப் பற்றி. நாயின் பண்பிலிருந்து மனிதனின் பொறுப்புக்கு எடைக்கல் இடம் மாறும் இடம் இது. இதே பாரதத்தின் ஆதி பருவத்தில், சனமேசயனின் தம்பியர் குற்றமற்ற ஒரு நாய்க்குட்டியை வேள்விக்களத்தில் அடிக்க, அதன் தாய் சரமை நீதி கேட்டுச் சபிக்கிறாள். காரணமின்றி அடிபட்ட நாயோடு தொடங்கும் நூல், கைவிடப்படாத நாயோடு முடிவை நெருங்குகிறது.

இத்துணைச் சிறப்புடைய இந்நிகழ்ச்சி தமிழ்ப் பாரதங்களில் பெற்ற இடத்தை ஆராய்தல் வேண்டும். பெருந்தேவனாரின் பாரத வெண்பாவில் இன்று நமக்குக் கிடைப்பன உத்தியோக, வீட்டும, துரோண பருவப் பகுதிகளே. தமிழகத்தில் பெரிதும் ஓதப்பட்ட வில்லிபுத்தூராரின் பாரதம் பத்துப் பருவங்களைக் கொண்டது. சௌப்திக பருவத்தோடு நிறைவுறுகிறது. பதினெட்டுப் பருவங்களையும் தமிழில் நிறைவாக்க முயன்றது பதினெட்டாம் நூற்றாண்டில் எழுந்த நல்லாப்பிள்ளை பாரதம். திரௌபதியம்மன் கோயில் பாரதக் கூத்தும் பதினெட்டாம் போரின் படுகளத்தோடும் தீமிதியோடும் முடிவடைவது. ஆகவே வில்லியைக் கேட்டும் கூத்தைக் கண்டும் வளர்ந்த தமிழ் மக்களுக்குத் தருமனின் நாய் கதையின் எல்லைக்கு அப்பாலேயே நின்றிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் 'கல்கி' இதழில் தொடராக வந்த இராஜாஜியின் 'வியாசர் விருந்து' போன்ற உரைநடை நூல்கள் வாயிலாகவே அந்நாய் பரவலாக நம் வீடுகளுக்குள் வந்தது.

வில்லியைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. போரோடு நூலை நிறுத்தியமைக்கு அவர்க்குரிய காப்பிய நோக்கம் உண்டு. ஆனால் ஒரு மொழியின் நினைவில் எக்காட்சி பதிந்தது, எக்காட்சி பதியவில்லை என்பது அம்மொழி மக்களின் சிந்தனைப் போக்கை உருவாக்கும். வேல் தைத்தும் வாலாட்டும் நாய் நமக்கு மனப்பாடம். தேரில் ஏற மறுத்த மனிதன் அவ்வளவு மனப்பாடம் அல்லன்.

பிற மொழி இலக்கியங்களையும் ஈண்டு ஒப்புநோக்கலாம். கிரேக்கக் காப்பியமான ஒடிசியில், இருபதாண்டு கழித்துத் திரும்பும் ஒடிசியசை அவனுடைய முதிய நாய் ஆர்கோஸ் அடையாளம் கண்டு, வாலை அசைத்துவிட்டு உயிர் துறக்கிறது. அது விட்டுச்செல்லப்பட்ட நாய். கத்தோலிக்கத் திருவிவிலியத்தின் தோபித்து நூலில், இளைஞன் தோபியாவும் அவனுடன் வரும் வானதூதரும் தொலைநாட்டுக்குப் புறப்படும்போது ஒரு நாயும் சேர்ந்து நடக்கிறது. அது எவ்வீரச் செயலும் புரிவதில்லை. உடன் செல்கிறது, அவ்வளவே. திருக்குர்ஆனின் குகைத் தோழர்கள் வரலாற்றிலும், இறைநம்பிக்கையின் பொருட்டு ஊரை நீங்கிய இளைஞர்களோடு வந்த நாய் குகைவாயிலில் முன்கால்களை நீட்டிக் கிடக்கிறது. வீட்டை விட்டு நீங்கிய மனிதரோடு ஒரு நாயையும் சேர்த்தே எண்ணுதல் பல சமய மரபுகளுக்கும் பொதுவாயிருப்பது நோக்கத்தக்கது.

தோட்டத்திலிருந்து புறப்பட்ட லாரி

மலாயாவிற்கு வந்த நம் முன்னோரின் பயணம் நாயை உடன்கொள்ளும் பயணமாக இருந்ததில்லை. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, தளத்தில் பாய் விரித்து, பினாங்கிலோ கிள்ளான் துறைமுகத்திலோ தடுப்பு முகாமில் தங்கி வந்தவர்கள் அவர்கள். 1926 முதல் 1973 வரை ஓடிய 'ரஜூலா' கப்பலின் தளத்தில் இடம்பிடித்தவனுக்குத் தன் மூட்டையே சுமை. ஊரில் வளர்த்த நாய் ஊரிலேயே நின்றது. வந்த இடத்தில், லயத்து வாசலில் வேறொரு நாய் வந்து சேர்ந்தது.

தோட்டத்து நாய் விடியற்காலைப் பெரட்டுக்கும் உடன்வரும். பால் வெட்டப் போகும் தாயின் பின்னால் நெற்றிவிளக்கின் வெளிச்சத்தில் நடக்கும். பன்றியோ பாம்போ எதிர்ப்பட்டால் முதலில் குரல் கொடுக்கும். நிரைவிட்டு நிரை மாறும் அந்த அன்றாட நடையே ஒருவகையில் நம் மக்கள் நாயோடு மேற்கொண்ட பயணம். தோட்டத்து எல்லையில் நின்ற முனியாண்டிக்குப் பக்கத்திலும் நாயின் உருவம் வைக்கப்பட்டது. வைரவருக்கு அது ஊர்தி. ஊர்தி என்பதே உடன்செல்வது.

இவ்விடத்தில் எதிர்வாதம் ஒன்றை நேர்மையோடு முன்வைத்தல் வேண்டும். நாயோடு பயணம் செய்தல் என்றதும் நம் முதியோர் நினைவில் வருவது துரையின் மகிழுந்து. அதன் இருக்கையில் துரையின் நாய் அமர்ந்து செல்லும். காய்ச்சல் கண்ட தொழிலாளியின் பிள்ளை தந்தையின் தோளில் கிடந்து மருந்துக்குப் போகும். அக்காட்சியைக் கண்டவர்க்கு நாயின் உரிமை பற்றிய பேச்சு கசக்கவே செய்யும். அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக், 1960ஆம் ஆண்டில் சார்லி என்னும் நாயோடு தம் நாட்டைச் சுற்றிவந்து, 1962இல் அப்பயணத்தை நூலாக வெளியிட்டார். நாயோடு சென்ற பயணத்தை எழுதியோருள் உலகறிந்தவர் அவரே. நாயை முன்னிட்டு அயலார் அவரோடு பேச்சுக் கொடுத்தனர். அதே பயணத்தில், கறுப்பினப் பிள்ளைகள் பள்ளியில் சேர்வதை எதிர்த்து நியூ ஆர்லியன்சில் எழுந்த வசைக்கூச்சலையும் அவர் கேட்டார். வண்டியில் நாய்க்கு இருக்கை கிடைக்கும் நாட்டிலேயே மனிதக் குழந்தைக்கு வகுப்பறை மறுக்கப்பட்டது. ஆகவே நாயோடு செல்லும் உல்லாசத்தைத் தனியே எடுத்துப் போற்றுதல் இயலாது. துரையின் நாய்க்கும்கூட அப்பயணம் முழுமையானதன்று. பிரிட்டனுக்குள் வரும் நாய் ஆறு திங்கள் தனிமைக் காப்பில் கிடக்க வேண்டும் என்னும் விதி அந்நாட்டில் நெடுங்காலம் நடைமுறையிலிருந்து, 2000ஆம் ஆண்டில்தான் தளரத் தொடங்கியது. தாயகம் திரும்பிய துரைமார்க்கும் விட்டுச்செல்லுதலே எளிதாயிருந்தது.

எனினும் இவ்வெதிர்வாதம் துரையின் நாயைப் பற்றியது. லயத்து நாயைப் பற்றி அது ஒன்றும் கூறவில்லை.

மெர்லிமாவுக்கு அணித்தாயிருந்த ஒரு தோட்டத்தில்தான் நாம் பிறந்து வளர்ந்தோம். இரப்பர் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்ட பின், லயங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. எமக்கு ஒன்பது வயதிருக்கும்போது, பட்டணத்துத் தாமானில் மலிவுவிலை வீடொன்றுக்குக் குடிபெயர்ந்தோம். கட்டிலும் அலமாரியும் அம்மியும் லாரியில் ஏறின. சாமிமேடையிலிருந்து பிடிமண் எடுத்துத் துணியில் முடிந்து பாட்டி மடியில் வைத்துக்கொண்டார். மணி என்று நாம் அழைத்த நாய் லாரியைச் சுற்றிச் சுற்றி வந்தது. அதையும் ஏற்றலாம் என்று நாம் அழுதபோது அப்பா, "அங்கே எடமில்லடா" என்றார். அவர் சொன்னது உண்மை. அந்த வீட்டில் எங்களுக்கே இடமில்லை. செம்மண் சாலை முடிந்து தார்ச்சாலை தொடங்கும் இடம் வரை அது பின்னால் ஓடிவந்தது. இரண்டு வாரம் கழித்து அப்பா சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். காலி வீட்டின் அடுப்படியில் படுத்திருந்தது என்றார். பிறகு லயம் இடிக்கப்பட்டது. அதன்பின் அவர் போகவில்லை; நாமும் கேட்கவில்லை.

தெய்வத்தைப் பிடிமண்ணாக எடுத்துச்செல்ல வழி கண்ட மரபு நம்முடையது. நாயை எடுத்துச்செல்ல அம்மரபில் வழி இருக்கவில்லை. சிறுபாணாற்றுப்படையின் அடுக்களைப் பகுதியைக் கற்பிக்கும் ஒவ்வொரு முறையும் அதனை வறுமையின் குறியீடு என்று மட்டும் சொல்லி முடிக்க நமக்கு இயலாமைக்கு இதுவே காரணம்.

தோட்டச் சிதைவைப் பேசும் நம் ஆய்வுகள் இழந்த வேலை, இழந்த வீடு, இழந்த கோயில், இழந்த பள்ளி ஆகியவற்றைக் கணக்கிட்டுள்ளன. அக்கணக்கு இன்றியமையாதது. ஆயின் ஒரு வாழ்க்கைமுறை கலையும்போது, அதனைச் சார்ந்து வாழ்ந்த வாயற்ற உயிர்களும் கலைகின்றன. மனிதர் கைவிடப்பட்டபோது அவர்களும் ஒன்றைக் கைவிட நேர்ந்தது. இவ்விரண்டையும் ஒருசேரச் சொல்லும் எழுத்தே அவ்வரலாற்றின் முழு நோவையும் சொல்வதாகும். தம்மேல் இழைக்கப்பட்ட தீங்கை எழுதுவது எளிது. தாம் செய்ய நேர்ந்ததை எழுதுவதற்கே துணிவு வேண்டும்.

இன்றைய பயணம்

இன்று நிலைமை மாறிவருகிறது. தாமான் வீடுகளில் வளர்ந்த தலைமுறையினர் சிலர் விடுமுறைக்குப் புறப்படும்போது நாய்க்கும் ஒரு பை கட்டுகின்றனர்: தண்ணீர்க் கிண்ணம், கயிறு, தடுப்பூசி அட்டை, பழகிய துணி ஒன்று. மெர்லிமாவிலிருந்து மலாக்கா நகர் ஏறத்தாழ 25 கிலோமீட்டர்; மூவார் சாலையில் அன்றாடம் பேருந்துகள் ஓடியபோதும் நாயோடு செல்ல விழைபவர்க்குச் சொந்த வாகனமே துணை. நாயை ஏற்கும் தங்குவிடுதிகள் நம் நாட்டில் சிலவே. நாயின் ஈரம் பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒருமுறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்பது நம் நாட்டு முஸ்லிம்கள் பின்பற்றும் சமய நெறி. பொது இடங்களில் அதனை மதித்து நடத்தல் அண்டையரின் கடன். 2017ஆம் ஆண்டில் சரவாக்கில் வெறிநோய் பரவிய பின் நாய்களின் நடமாட்டம் குறித்த எச்சரிக்கையும் மிகுந்தது. சிங்கப்பூருக்குள் கொண்டுசெல்வதாயின் இறக்குமதி உரிமமும் தடுப்பூசிச் சான்றும் வேண்டும்.

முனைவர் பட்ட ஆய்வின் பொருட்டு நாம் பிரிட்டனில் தங்கியிருந்த ஆண்டுகளில், இரயில் பெட்டியில் பயணியின் காலடியில் நாய் உறங்குவதை முதன்முறை கண்டபோது வியப்படைந்தோம். பயணி ஒருவர் இரண்டு நாய்கள் வரை கட்டணமின்றி அழைத்துச் செல்லலாம் என்பது அங்குள்ள விதி. அதனைக் கண்டு நம் சமூகம் பின்தங்கியது என்று முடிவு கட்டுதல் தவறு. பல சமயத்தார் ஒருங்கு வாழும் நாட்டின் ஒழுங்குகள் வேறு. ஆயினும், அழைத்துச்செல்ல இயலாதபோது விட்டுச்செல்வதற்கும் கைவிடுவதற்கும் இடையே உள்ள வேற்றுமையை எந்நாட்டிலும் பேணலாம். மூன்று நாள் விடுமுறைக்குப் பக்கத்து வீட்டு அத்தையிடம் ஒப்படைத்துச் செல்வது விட்டுச்செல்லுதல். வீடு மாறும்போது தெருவில் இறக்கிவிட்டுச் செல்வது கைவிடுதல். தருமனின் விடை இவ்வேற்றுமையின் மேல்தான் நிற்கிறது.

இத்தகைய பயணங்கள் தமிழில் எழுதப்படுதல் வேண்டும். ஏ.கே. செட்டியார் போன்றோர் வளர்த்த தமிழ்ப் பயண இலக்கியம், பயணியைப் பெரிதும் ஊர் காணும் கண்ணாகவே அமைத்தது. நாயோடு செல்பவன் அவ்வாறு செல்ல இயலாது. அவன் நிழல் தேடி நிற்க வேண்டும். உணவகத்தில் ஒருவர் உண்ண மற்றவர் வெளியில் காத்திருக்க வேண்டும். அறியாத ஒருவரிடம் அனுமதி கேட்க வேண்டும். அவன் காணும் ஊர் வேறாக இருக்கும். யார் எங்கே ஏற்கப்படுகிறார், யார் வாயிலில் நிறுத்தப்படுகிறார் என்பதை அவன் ஒவ்வோர் இடத்திலும் கற்றுக்கொள்வான். ஆற்றுப்படைக் காலம் தொட்டு வாயிலில் நின்ற நாய், வழியில் இறங்கும்போது பயண இலக்கியத்தின் பார்வையே திரும்பக்கூடும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், தமிழ் இலக்கியத்தில் நாய் பெரும்பாலும் காவலாகவும், நன்றியாகவும், தாழ்மையாகவும் படிக்கப்பட்டுள்ளமை தெளிவாகும். இம்மூன்றும் நாயின் மேல் ஏற்றப்பட்ட பண்புகள். புறப்படுபவன் யார், பின்னிற்பது யார் என்னும் வினாவோடு அப்பனுவல்களை மீண்டும் படித்தால், சிறுபாணாற்றுப்படையின் அடுக்களையும், நாலடியாரின் வேலும், திருவாசகத்தின் நாயேன் என்னும் சொல்லும் புதுப்பொருள் தருகின்றன. நாயின் நன்றியைப் போற்றிய நாம், நாயின்பால் மனிதனுக்குள்ள கடனையும் கற்பிக்கத் தொடங்குதல் வேண்டும்.

ஆசிரியர்க்கு நாம் முன்வைப்பது எளிய வேண்டுகோள். சிறுபாணாற்றுப்படையையோ நாலடியாரையோ கற்பிக்கையில் தருமனின் இறுதிப் பயணத்தையும் ஒருமுறை வகுப்பில் கூறுங்கள். 'என் செல்லப்பிராணி', 'விடுமுறைப் பயணம்' என்னும் இரு தலைப்புகளையும் ஒருமுறை சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகள் எழுதுவது சில வேளை நமக்கு இனிமையாக இராது. அவர்கள் வீட்டில் விட்டுவந்ததை எழுதுவர்; நாம் விட்டுவந்தது நினைவுக்கு வரும்.

மெர்லிமாவ் மாணவனின் ஏட்டை மூடும்முன், சிவப்பு மைக்குக் கீழே நாமும் ஏதேனும் எழுதலாமா என்று எண்ணினோம். பிறர் திருத்திய ஏட்டில் எழுதுவது முறையன்று என்பதால் எழுதவில்லை. எழுதியிருந்தால், கட்டுரையின் இறுதியில் நாய் உன்னைக் கண்டதும் என்ன செய்தது என்பதையும் சேர்த்து எழுது, தம்பி என்றுதான் எழுதியிருப்போம்.